ஆறாவது படகு

காலையில் ஆறு படகுகளை
ஆற்றில் இறக்கிவிட்டாள் ஹெய்ல்வென்.
மாலை ஐந்துக்கு, பத்து மைல் கீழே,
இறங்குதுறைச் சரளையில்
வேனைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தி
எண்ணத் தொடங்கினாள்.

முதலாவதில் பள்ளி ஆசிரியைகள் மூவர்,
முழங்கால்வரை சேறு, பாட்டு நிற்கவில்லை.
அடுத்ததில் உயிர்காப்புச் சட்டை போட்ட நாய்,
அதற்குத் துடுப்புப் போட்ட இரு மனிதர்கள்.
மூன்றும் நான்கும் ஒரே குடும்பம்.
மீன்கொத்தியைப் பார்த்த படகும்
பார்க்கத் தவறிய படகும்
இன்னும் பேசிக்கொள்ளவில்லை.
ஐந்தாவதில் தனியாள் ஒருவர்.
நனைந்த வரைபடத்தைத் துண்டுபோலப் பிழிந்தார்,
இரண்டு நாடுகளும் சொட்டின.

ஆறாவது வரவில்லை.

இந்த இடத்தில் ஆறுதான் எல்லை.
இடக்கரை இங்கிலாந்து, வலக்கரை வேல்ஸ்.
நடுவில் இருப்பது யாருடையது என்று
வாத்துகளைக் கேட்டுப் பயனில்லை.
மேலே காட்டுக்குள்
ஓஃபா என்ற அரசன் பெயரில் ஒரு மண்மேடு
ஆயிரத்து இருநூறு வருடமாய்ப் படுத்துக் கிடக்கிறது.
அதன் முதுகில் ஊன்றுகோலோடு நடப்பவர்கள்
பிஸ்கட் உறையை மடித்து
ஒழுங்காகப் பைக்குள் வைக்கிறார்கள்.

ஆற்றின் பெயர் வை.
தமிழ்க் காதில் அது வேலை ஏவுகிறது:
இங்கே வை, பத்திரமாக வை.
இன்னொன்றும் சொல்கிறது:
வாய் வலிக்கும்வரை வை.

இரண்டாவதைச் செய்துகொண்டு போனார்கள்
டெஸ்மண்டும் பெர்னிஸும்.
டட்லியிலிருந்து வந்தவர்கள்.
நான்கு நாள் விடுமுறையில் மூன்று நாள் மழை.
முதல் நாள், வாடகைக் குதிரை
அவளை வேலியோரம் நிறுத்திவிட்டு மேய்ந்தது.
மறுநாள் மலையேறி
மேகத்தின் உட்புறத்தை மட்டும் பார்த்தார்கள்.
மூன்றாம் நாள் சைக்கிளில்
அவன் திரும்பிப் பார்க்காமல் முன்னே போய்விட்டான்.
உண்மையில் விஷயம் அது ஒன்றுதான்.
இன்று துடுப்பைச் சாக்காக வைத்து
அதையே பேசினார்கள்.
"இடப்பக்கம் போடு."
"என் இடமா, உன் இடமா?"
படகு சுழன்று சுழன்று
இரு நாடுகளுக்கும் முதுகைக் காட்டியது.

அப்போதுதான் நடு ஆற்றுத் திட்டில்
அந்தக் குட்டி.
மூன்று நாள் மழை திட்டைத் தின்றுகொண்டிருந்தது,
மிச்சம் ஒரு மேசை அளவு.
அதன் மேல் நாலு கால், நடுக்கம்,
விலாவில் கரைந்த நீலப் புள்ளி.

இடக்கரை ஆடுகளுக்கும் நீலப் புள்ளி.
வலக்கரை ஆடுகளுக்கும் நீலப் புள்ளி.
பெயின்ட் விற்கிறவன் ஒருவன்தான் போல.

பெர்னிஸ் அதை மடியில் ஏற்றிக்கொண்டாள்.
அது உடனே மூத்திரம் பெய்தது.
"எந்தக் கரை?" என்றான் அவன்.
"பேசாமல் இரு" என்றாள்,
இந்த முறை கோபத்தில் இல்லை.
ஒரு விழுந்த மரக்கிளையைப் பிடித்துப்
படகை நிறுத்தி
இருவரும் வாயை மூடினார்கள்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நீர் கிளையைச் சீப்புப்போல் வாரியது.
எங்கோ ஒரு டிராக்டர் இருமி அணைந்தது.
குட்டி கத்தியது.
பதில் இல்லை.
குட்டி கத்தியது.
அவன் தன் உலர்ந்த சட்டையை
பின்னாலிருந்து அவள் தோளில் போட்டான்,
சொல்லாமல்.
பிறகு, ஒரு கரையிலிருந்து,
புகைத்துப் பழகிய பெண்ணின் குரலில்
ஒரு தாயாடு.

ஏழு நாற்பதுக்கு
இறங்குதுறைக்கு வந்தார்கள்.
டார்ச்சை முகத்தில் அடித்து, ஆள் எண்ணி,
ஹெய்ல்வென் தாமதக் கட்டணம் பத்து பவுண்டு என்றாள்.
டெஸ்மண்ட் ஈர நோட்டை நீட்டினான்.
வாங்கி
வேனின் ஹீட்டர் மேல் காயப் போட்டாள்.

கதையைக் கேட்டதும்
கைப்பேசியை எடுத்தாள்.
இங்கிலாந்துப் பக்கம் ப்ரோபர்ட்,
வேல்ஸ் பக்கம் கிழவன் பெவன்,
இருவரும் இந்நேரம்
விளக்கோடு தேடிக்கொண்டிருப்பார்கள்.
யாராவது ஒருவருக்குச் சொல்ல வேண்டும்.

"எந்தக் கரையில் விட்டீர்கள்?"

டெஸ்மண்ட் ஒரு பக்கம் கை காட்டினான்.
பெர்னிஸ் மறுபக்கம்.