நாலு கண்

டர்பன், ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டை.
படையாச்சி புது டிரெய்லரை
என் பட்டறை வாசலை அடைத்து நிறுத்தினார்.
"பெண்சாதி பேர். பெரிசா.
தூரத்திலேயே மிரட்டணும்."

ரூக்மணி.
எந்தக் குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ,
ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து;
கடைசி ஐந்தைச் சேர்த்தால் பணம்.

அட்டையில் வரைந்தேன்.
அடிக்கட்டை கனத்த எழுத்து,
கம்பூட் மாட்டிக்கொண்டு
நைட் ஷிப்டுக்கு வரிசையில் நிற்பதுபோல.
பிளேடுக்கு முன்னால் அவர் விரல் வந்தது.
"நடுவில் இந்த இடைவெளி எதுக்கு?
முழுக்காசு தர்றேன்,
எழுத்து மட்டும் உடைஞ்சதா?"

சொன்னால் கேட்கிற ஆளில்லை.
பாலம் விடாமல் வெட்டினேன்.
ஓர் ஆர், மூன்று ஓ:
நாலு கண்ணும் பொத்துப் பொத்தென்று
என் செருப்பின் மேல்.
தாண்டெகா ஸ்பிரேயை அமுக்கினாள்.
தகரத்தில் மூன்று கறுப்பு டயர்,
ஓட்டையில்லாமல்.

அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.
அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார்.
"தின்னர் இருக்கா?"

புது அட்டை. விரல் தடிமனில் பாலங்கள்.
பின்கதவுக்குத் தமிழிலும் வேண்டுமாம்.
எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்;
நாலெழுத்துக்கு அரை நாள்.
ககரத்தின் தலைமேல் புள்ளியைக் காட்டி
தாண்டெகா கேட்டாள்:
"இதுக்குப் பாலம்?"
"வேண்டாம். அது வெறும் துளை."
ஆணியை வைத்து ஒரே தட்டு.

போன வியாழன் மேம்பாலத்தில் பஸ்ஸுக்கு நின்றேன்.
கீழே மாரிட்ஸ்பர்க் பக்கம்
ரூக்மணி போனாள், சர்க்கரை மூட்டையோடு.
அந்த வேகத்தில் இடைவெளி எதுவும் தெரியவில்லை.
பின்கதவில் புள்ளி மட்டும்
கொஞ்சம் வழிந்திருந்தது.
பெயின்ட் அதிகம்.