காரணம் என்ற கட்டம்

ஏரி முழங்காலுக்கு இறங்கிய பங்குனியில்
பேட்டரிகள் வந்தன.
ஒன்று ஐம்பத்தெட்டு கிலோ.
படகுக்கு நாலு, ஐந்தாவதை ஏற்றினால்
சேறு விடாது.
ஆரம்பாக்கத்திலிருந்து ஆறு நடை.
கடைசி நடையில் எத்திராசும் மச்சானும் இறங்கி
படுத்துவிட்ட மாட்டைக் கிளப்புவதுபோல்
படகை முட்டித் தள்ளினார்கள்.

எங்கள் திட்டுக்கு அரசாங்கம் தெலுங்கு, சண்டை தமிழ்.
இன்வெர்ட்டருக்கு இரண்டும் தெரியாது.
பதினாலு என்று ஓர் எண்ணைச் சிவப்பில் காட்டிவிட்டு
வாயை மூடிக்கொள்ளும்.
சூலூர்ப்பேட்டைக்குப் போன் போட்டால்
'எண்ட உந்தாம்மா?' என்பான்.
வெயில் இருக்கிறதப்பா.
வெயிலுக்கும் எங்களுக்கும் நடுவில்
நீர்க்காகத்தின் எச்சம் இருக்கிறது.

ஏரித் தண்ணீரில் கழுவினால் உப்புப் பூக்கும்.
நல்ல தண்ணீரில் கழுவப் போனால்
குடத்தோடு வந்து நிற்பார்கள்:
'கண்ணாடிக்குத் தாகமாடி, கரண்டுக்காரி?'

காற்றாடி ஒன்றும் உண்டு.
வேண்டிய நாளில் காற்று வராது.
வந்த நாளில், றெக்கை முறியுமென்று
நாங்களே அதைக் கட்டிப்போடுவோம்.

கார்த்திகையில் நாலு நாள் சூரியன் இல்லை.
முப்பத்தொன்று, இருபத்தெட்டு, இருபத்துநாலு.
இருபதில் எல்லாம் தானாகவே அணையும்.
முதல் லைனில் மருந்துப்பெட்டியும் மோட்டாரும்.
இரண்டாவதில் வீடுகள், அதில் ஒரு வீட்டில்
கஜலட்சுமி மகனின் இழுப்புக்கு மூச்சு மெஷின்.
மூன்றாவதில் ஐஸ் பெட்டி.
ஐஸ் பெட்டியில் நாற்பது கிலோ இறால்,
அதில் பாதி என் வீட்டுக்காரர் வலையில் விழுந்தது.

மூன்றாவதை இறக்கினேன்.
சுவிட்ச் ஒன்றும் கனமாக இல்லை.

ஆனாலும் முள் இறங்கிக்கொண்டே இருந்தது.
ஒரு பையனின் மூச்சு இவ்வளவு தின்னாது.
டார்ச்சோடு வீடு வீடாகப் போனேன்,
டிவியை அணைத்துக்கொண்டே,
திட்டு வாங்கிக்கொண்டே.
தேசராணி வீட்டுப் பின்கட்டில்
பிளாஸ்டிக் வாளிக்குள்
வெந்நீர் போடும் கம்பி.
மூன்று நாளாக, காலையும் மாலையும்.
'விறகு நனைஞ்சிடுச்சிக்கா' என்றாள்.
மடியில் பதினோரு நாள் பிள்ளை,
பெயர்கூட வைக்கவில்லை,
தலையில் இன்னும் ஆவி.

கணக்கு எனக்குத் தெரியும்.
ஒரு வாளி வெந்நீர்
கஜலட்சுமி மகனுக்கு நாலு மணி நேரம்.
ஆறு வாளி எங்கள் இறால்.
கம்பியைப் பிடுங்கினேன்.
அந்த வாளி சூடாகும் வரை காத்திருந்துதான் பிடுங்கினேன்.

ஆறாம் நாள் வெயில்.
இறால் தலை கறுத்துக் கிடந்தது.
கோழித்தீவனக்காரன் கேட்ட விலைக்கு
அவர் தலையாட்டினார்,
அன்றெல்லாம் என்னிடம் பேசவில்லை.

நோட்டில் தேதி எழுதினேன். மூன்றாம் லைன், முப்பத்தாறு மணி நேரம்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா சற்று நின்றது.
மேகம் என்று எழுதினேன்.