இரண்டாம் நாள் பூ

முகூர்த்தம் ஆறிலிருந்து ஏழரை.
பத்தரைக்குப் பந்தி முடிந்ததும்
பெருந்துறை ரோட்டு மண்டபத்தில்
மேடையைப் பிரிக்கச் சொல்லிவிடுவார்கள்.
சாயங்காலம் அங்கே வேறொரு வீட்டு வரவேற்பு.

ஓசூரிலிருந்து பெட்டியில் வந்த ஜெர்பரா
இன்னும் ஈரம் காயவில்லை.
அதற்குள் கருப்புப் பை, பின்வாசல்,
எச்சில் இலைக்குக் காத்து நிற்கும் மாடு.
மாடு ஜெர்பராவைத் தொடாது, பார்த்திருக்கிறேன்.
சம்பங்கி என்றால் தின்னும்.

நான் ஒன்றும் தருமம் செய்யக் கிளம்பவில்லை.
குப்பை எடுக்கிறவர்
நடைக்கு நானூறு கேட்டார்.
அந்தக் கோபத்தில்தான்
குட்டியானையை ஆஸ்பத்திரிப் பக்கம்
திருப்பச் சொன்னேன் சென்னியப்பனிடம்.

வாசலில் வாட்ச்மேன்:
"கட்சிங்களா?"
இல்லைங்க.
"போட்டோ எடுப்பீங்களா?"
இல்லைங்க.
"அப்புறம் எதுக்குங்க?"
அதை நானே யோசித்திருக்கவில்லை.
நாளைக்கு வாடிருமுங்க, என்றேன்.
அது அவருக்குப் போதுமானதாக இருந்தது.

பெண்கள் எலும்புமுறிவு வார்டு.
முதல் கட்டிலிலேயே தடங்கல்.
"எழவு வீட்டுப் பூவா அம்மிணி?"
பூங்கொத்தில் செருகியிருந்த அட்டையை எடுத்துக் காட்டினேன்,
கீர்த்திவாசன், மௌனிகா, பொன் எழுத்து.
அவ்வளவுதான்,
வார்டே அந்தக் கல்யாணத்துக்கு வந்துவிட்டது.
பொண்ணு எந்தூரு, காங்கேயமா?
மாப்பிள்ளை நிறமா?
பந்தியில கச்சாயம் வெச்சாங்களா?
இடுப்பில் ஆணி அடித்திருந்த ஒருத்தி
படுத்தவாக்கிலேயே சொன்னாள்,
"மொய்யில எம்பேருக்கு நூத்தியொண்ணு எழுதிக்கோ."

ஜன்னலோரக் கட்டில் பாவாத்தாள் மட்டும்
கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.
நெற்றியைப் பார்த்தேன், புரிந்தது,
நகர்ந்துவிட்டேன்.
இரண்டு கட்டில் தாண்டியிருப்பேன்.
"இந்தா புள்ள" என்று ஒரு குரல்.
"தலைக்குத்தானே ஆகாது,
கண்ணுக்கு ஆகுமில்ல?
அந்த மஞ்சளை இங்க வையி."

சாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும்.
விளிம்பு உடைந்த கண்ணாடியை மேடையில் வைக்க முடியாது.
வாடகை நோட்டில் சிவப்பு மையில் அடித்த
பதினாலு சாடி கிடங்கில் கிடந்தது.
உடைந்த பக்கத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தால்
ஒன்றும் தெரியவில்லை.
ஒன்றில் இப்போது நர்சுகளின் பேனா.
ஒன்றில் எக்ஸ்ரே அறைக்காரர் கற்பூரவல்லி வளர்க்கிறார்.
ஒன்றில் யாரோ வெற்றிலை துப்பி வைத்திருந்தார்கள்.
கழுவினேன், திட்டிக்கொண்டேதான்.

அடுத்த வளர்பிறை முகூர்த்தத்துக்குப் போனபோது
ஜன்னலோரத்தில் வேறு ஆள்,
வேறு கால், வேறு கட்டு.
கேட்க வாய் வரவில்லை.
நர்சே சொன்னாள்,
"அவங்க பவானி பஸ் ஏறிட்டாங்க,
உங்க சாடியை மடியில வெச்சுக்கிட்டு.
சும்மா வாங்கினதா இருக்கக்கூடாதாம்,
இதைக் குடுக்கச் சொன்னாங்க."

ஹார்லிக்ஸ் பாட்டில்.
லேபிள் சுரண்டி, கழுவி,
கழுத்தில் நாலு சுற்று சணல் கட்டியிருந்தது.
முடிச்சு கெட்டி,
மாட்டுக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சு.

போன வாரம் வெள்ளோட்டில் ஒரு புதுமனை.
வரவேற்பு மேஜையில்
சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அதை வைத்தேன்,
ஒரே ஒரு மஞ்சள் ஜெர்பராவோடு.
வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.
"இது நல்லாருக்குதே, எங்க வாங்குனீங்க?"
பவானிங்க, என்றேன்.
பில்லில்
முப்பது ரூபாய் சேர்த்துக்கொண்டேன்.