திங்களன்று நீக்கு

லியெபாயாவில் ஜனவரி.
டிராமிலிருந்து நான் இறங்குவதற்குள்
காற்று என் தொப்பியை இறக்கிவிட்டது.

விலங்கு மருத்துவமனை. எக்ஸ்ரே கணினிக்கு
ரூன்சிஸ் என்று பெயர், கடுவன் பூனை.
வரவேற்பறைக் கணினி அதைக் கூப்பிடுகிறது,
பதில் இல்லை.
காலையிலிருந்து இப்படித்தான் என்கிறாள் டாக்டர் ஐவா.
மேசைமேல் ஒரு குட்டைக்கால் நாய்,
எதையோ விழுங்கியிருக்கிறது.
படம் எடுத்தாயிற்று. அது பக்கத்து அறையில் இருக்கிறது.
இந்த அறைக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

கேபிள் சரி. பச்சை விளக்கு சரி.
எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டேன்:
192.168.1.23.
மூச்சு விடுமுன் "இதோ."
நான்கு முறை கேட்டேன், நான்கு முறையும் இதோ.
பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.
சுவரிடம் பேசியதுபோல் இருந்தது.

ஆள் இருக்கிறது.
பேருக்குத்தான் ஆளில்லை.

"ரௌட்டரை மாற்றினீர்களா?"
"வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்தார்,
பழையதைப் பையில் போட்டுக்கொண்டு போனார்,"
என்கிறான் நௌரிஸ், ரசீதுகளை எண்ணியபடி.
பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
புதியவனுக்கு வீட்டு ஆட்களைத் தெரியாது, அவ்வளவுதான்.
ரௌட்டரையே கேட்டேன்: ரூன்சிஸ் யார்?
தயங்காமல் சொன்னது: 192.168.1.23.
தெரிந்திருக்கிறது!
மூன்று நாளில் எல்லார் பேரையும்
மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது.

பிறகு ஒரு மணி நேரம் வீணடித்தேன்,
மறைப்பானேன்.
நினைவகத்தைக் கழுவினேன். அணைத்து எழுப்பினேன்.
ரௌட்டரின் மின்கம்பியைப் பிடுங்கி முப்பது வரை எண்ணினேன்.
நாய் என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.
அதன்பிறகுதான்
திரையின் முதல் வரியைப் படித்தேன்,
காலையிலிருந்தே அங்கு இருந்த வரியை:
கூப்பிடுவது ரூன்சிஸை,
போய் நிற்பது 192.168.0.14-இல்.
அப்படியொரு கதவே இந்தத் தெருவில் இப்போது இல்லை.

கணினி, ஒரு பேரைக் கேட்டால்,
வெளியே போய் விசாரிப்பதற்கு முன்
தன் சட்டைப்பையைத் துழாவும்.
பையில் ஒரு சீட்டு இருந்தால்
ஊரே வேறு சொன்னாலும் சீட்டைத்தான் நம்பும்.

கோப்பைத் திறந்தேன். அடியில் ஒரு வரி,
பழைய எண், ரூன்சிஸ்,
அதன் பக்கத்தில் ஒரு குறிப்பு:
தற்காலிகம். திங்களன்று நீக்கு. ரைமொண்ட்ஸ்.

"எந்தத் திங்கள்?" என்று கேட்டேன்.
நௌரிஸ் ரசீது எண்ணுவதை நிறுத்தினான்.
ஐவா நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தாள்.
"நாலு வருஷம் ஆச்சு," என்றாள்.
"பெர்கனில் கப்பல்துறையில் வேலை என்று போனான்.
திங்களன்று வருகிறேன் என்றுதான் அதையும் சொன்னான்."

நாலு வருஷம் அந்த ஒரு வரி
இந்த வீட்டின் படங்களை எல்லாம்
அறைக்கு அறை சுமந்திருக்கிறது.
யாருக்கும் தெரியாது.
வெள்ளிக்கிழமைதான் அது பொய்யாயிற்று.

"அழித்துவிடட்டுமா?"
"அழித்தால்தான் வேலை செய்யுமா?"
"இல்லை. முன்னால் ஒரு வேலிக்குறி போட்டால்
கணினி அதைப் படிக்காது. மனிதர்கள் படிக்கலாம்."
"அது போதும்."

சேமிக்கப் போனேன், அனுமதி இல்லை என்றது.
உரிமையுள்ளவளாக மறுபடி உள்ளே போய்
ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டு வந்தேன்.
அதற்கு நாற்பது யூரோ வாங்குகிறேன்,
பாதி தொப்பிக்கு.

ரூன்சிஸ்!
இதோ.

படம் வந்தது. சாம்பல் வயிற்றுக்குள்
இரண்டு உலோகப் பொத்தான்கள், அருகருகே,
நாலு நாலு துளையோடு
எங்களையே பார்த்தபடி.
நாய்க்காரப் பெண் தன் கோட்டைக் குனிந்து பார்த்தாள்,
மேலிருந்து கீழாக எண்ணினாள்.
அவளுடையது எல்லாம் இருந்தது.

"அப்படியானால் இது யாருடையது?" என்றாள்.