சுற்றளவு

நான்காம் எண் பேருந்து திரும்பிப் போகிற இடத்தில்
சூப்பர் மார்க்கெட்டின் தள்ளுவண்டிகள்
ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து தூங்கும்.
அதற்குப் பின்னால்தான் காடு.
வேலி இல்லை, வாசல் இல்லை.
கடைசி வண்டி முடிகிற இடத்தில்
முதல் பைன் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஞாயிறு, ஒன்பது மணி. ஐந்து பேர், ஒரு நாய்.
போன அக்டோபரில் ஏழு பேர் இருந்தோம்.
வில்யார் பின்லாந்துக்கு வேலைக்குப் போய்விட்டான்.
ஹெல்வேயைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.
அவளுடைய தெர்மாஸ் மட்டும்
மைரேயின் பையில் வருகிறது.
மூடி சரியாகச் சேராது. சொட்டும்.

சதுப்பின் மேல் பலகைப் பாதை,
இரண்டே பலகை அகலம்.
முன்னால் போகிற முதுகோடுதான் பேச முடியும்.
காற்று பாதிச் சொல்லைத் தின்றுவிடும்.
"...விற்றுவிட்டார்களாம்" என்பது மட்டும்
என்னிடம் வந்து சேர்ந்தது.
எதை என்று நான் கேட்கவில்லை.
மிதித்த பலகையின் இடுக்கில்
கறுப்புத் தண்ணீர் எழும்பி, பார்த்துவிட்டு,
மறுபடி இறங்கிக்கொள்கிறது.

பாசியில் கிரான்பெரிகள்,
நூல் அறுந்த பாசிமணிகள்.
உர்மாஸ் குனிந்தால் ஊர்வலமே நிற்க வேண்டும்.
ஒன்றை வாயில் போட்டு, முகம் கோணி,
இன்னொன்றும் போடுகிறார்.

கல் தெரிகிறது.
மலை என்றெல்லாம் சொல்ல முடியாது.
என் சமையலறை அளவு இருக்கும்.
எஸ்தோனியக் குடியரசின் இயற்கைச் சின்னம்,
எண் தேய்ந்துவிட்டது.
பனிப்பாறை உருட்டிவந்து போட்டது என்கிறது பலகை.
அரக்கன் பெண்டாட்டியைக் குறிபார்த்து எறிந்தான் என்கிறார் உர்மாஸ்.
வருடத்துக்கு ஒரு காரணம்;
இந்த வருடம், சூப்பில் உப்பு.

கதை அளப்பவர் உர்மாஸ்.
கல் அளப்பவள் மைரே.
நில அளவை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற நாளில்
எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள்,
நாடாவைத் தவிர.
பலகையில் பதினொன்று நாற்பது.
அவள் நோட்டில் பதினொன்று பன்னிரண்டு,
பதினொன்று ஒன்பது, பதினொன்று பதினைந்து.
"பாசியோடு சேர்த்து அளந்திருப்பார்கள்" என்றாள் லெய்டா.
"நீ இழுத்துப் பிடிக்கிறாய்" என்றார் உர்மாஸ்.
மைரே அளந்து பேசுகிறவள்.
பேசவில்லை.

பிறகு வழக்கமானது:
கல்லைச் சுற்றிக் கைகோப்பது.
ஏழு பேருக்கு விரல்நுனி விரல்நுனியைத் தொடும்.
ஐந்து பேருக்கு, ஒரு கதவு அகலத்துக்கும் மேலே
கல் வெறுமனே நிற்கிறது.
"அடுத்த வருடம்" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.
கைடோ தன் மப்ளரை அவிழ்த்து
நாயின் கழுத்துப் பட்டையில் முடிந்தான்.
பதினாறு வயது. எங்களைக் கேட்கவில்லை.
நாய்க்கயிற்றின் பிடி என் கையில்,
மப்ளரின் மறுமுனை அவன் கையில்,
நடுவில் மூர்,
இதில் தனக்கென்ன வேலை என்று விளங்காமல்
வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு.

கன்னத்தைக் கல்லில் வைத்தால்
யாரையும் பார்க்க முடியாது.
இடது கையில் லெய்டாவின் மோதிரம், சில்லென்று.
வலது கையில் கயிறு, உயிரோடு துடித்தபடி.
கல்லுக்குள்ளிருந்து எந்தச் சத்தமும் இல்லை.
அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
குளிர்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
அணில் ஒன்று ஓடியது.
வளையம் அறுந்து, நான் முழங்காலில் விழுந்து,
மப்ளர் புதர்களுக்குள் குரைத்துக்கொண்டு போனது.

மைரே நோட்டைத் திறந்து
மீட்டர் எழுதுகிற கட்டத்தில்
'ஐந்து பேர், மூர்' என்று எழுதி,
அடித்துவிட்டு,
மறுபடி அதையே எழுதினாள்.

திரும்புகிற பேருந்தில்
உண்ணி ஏறியிருக்கிறதா என்று
காலுறைகளைத் திருப்பிப் பார்த்தோம்.
தெர்மாஸ் இருக்கையை நனைத்துக்கொண்டிருந்தது.
மைரேயின் கன்னத்தில்
பச்சையாக ஒரு திட்டு.
அவள் நிறுத்தம் வரும்வரை
யாரும் சொல்லவில்லை.