இருபது மீட்டர்

குடிகாடு சிப்காட், மூன்றாம் ஷெட்.
சாரத்தின் உச்சியில்
இருதயராஜின் கை வழுக்கியது;
விழுந்தது ஸ்பேனர்.
சிமெண்ட் தரையில் பத்துப் பைசா அளவு பள்ளம்.

படிவம் கேட்கிறது: மோதிய வேகம்?
இரண்டு, ஒன்பது புள்ளி எட்டு, இருபது.
பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தேன்.
நொடிக்குப் பத்தொன்பது புள்ளி எட்டு மீட்டர்.
அதாவது மணிக்கு எழுபத்தொரு கிலோமீட்டர்,
ஆலப்பாக்கம் தாண்டியதும்
சிதம்பரம் பஸ் பிடிக்கும் வேகம்.

காற்றின் தடையைக் கழிக்கவில்லை.
எடையைச் சூத்திரம் கேட்கவே இல்லை.
ஸ்பேனருக்குப் பதில்
இருதயராஜே விழுந்திருந்தாலும்
இதே விடைதான்.
கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தேன்.

விழ எடுத்த நேரம் இரண்டு நொடி.
அதற்குள்தான் கீழே நின்ற பக்கிரிசாமி
பீடிக்குத் தீப்பெட்டி கேட்டு
ரெண்டடி நகர்ந்திருக்கிறார்.

பீடிக்குத் தடையுள்ள இடம்.
அதை மட்டும்
நான் எழுதவில்லை.