ஒரு மீட்டர் அறிவிப்பு

அங்கேரிபாளையம் ரோட்டில் எங்கள் கம்பெனிக்குப்
பெட்டியோடு வந்து இறங்கியது
துணி பார்க்கும் மிஷின்.
கண்ணாடிக்கு அடியில் டியூப் லைட்,
ஓரத்தில் மூன்று பொத்தான்,
மூன்றிலும் இரண்டிரண்டு எழுத்து.
இரண்டாவது எழுத்து மூன்றிலும் ஒன்றே: 布

சூப்பர்வைசர் செங்கோட்டுவேல்
போனை அதன் முகத்துக்கு நேரே பிடித்தார்.
போன் யோசித்துத் தமிழில் சொன்னது.
பொழுதோடவே ஸ்டிக்கர் ஒட்டியாகிவிட்டது:
சோதனை அறிவிப்பு.
சுருள் அறிவிப்பு.
பின்வாங்கும் அறிவிப்பு.

பி.ஏ. தமிழ் படித்துவிட்டுத்
துணியில் ஓட்டை தேடுகிறவள் நான்.
சிரித்தேன். கிழிக்கவில்லை.

மிஷின் பூட்ட வந்த லின்னுக்கு
என் வயதுதான் இருக்கும்.
நான்கு நாள் தயிர்ச்சோற்றைச் சந்தேகமாகவே பார்த்தான்.
ஐந்தாம் நாள் கேட்டேன், அது என்ன எழுத்து என்று.
மிஷின்மேல் படிந்திருந்த பஞ்சுத் தூசியில்
விரலால் வரைந்தான்.
கீழே தொங்கும் ஒரு துண்டு.
மேலே ஒரு கை, கையில் கோடரி.
கோடரி பிடித்த கை என்றால் அப்பாவாம்.
ஆனால் இந்த எழுத்தில் அப்பாவுக்கு அர்த்தம் கிடையாது,
ஓசைக்காக மட்டும் வந்து நின்றவர்.
எழுதி எழுதித் தேய்ந்து
இப்போது இரண்டு கீறல்தான் மிச்சம்.
(எனக்குத் தெரிந்த சில அப்பாக்களும் இப்படித்தான்.)

பருத்தி அங்கே போய்ச் சேராத காலத்தில்
அது சணல்நார்த் துணி.
துணியை வரியாகக் கட்டினார்கள்,
பிறகு காசுக்கே அந்தப் பேர்.
பட்டு உடுத்த முடியாதவர்களுக்கும் அதே பேர்.
"நீ. நான்," என்று
எங்கள் இருவர் நெஞ்சையும் தொடாமல் காட்டினான்.
துணி விரியும், ஆகவே விரிப்பதெல்லாம் அது.
சேதியை ஊரெங்கும் விரித்தால் அறிவிப்பு.

போன் பொய் சொல்லவில்லை,
தெரு மாறிப் போய்விட்டது, அவ்வளவுதான்.

என் பங்குக்கு நானும் சொன்னேன்:
துணி என்றால் எங்களிடம் முதலில் வெட்டு.
தறியில் இருந்து அறுத்து எடுத்தால் துணி.
அறுவை என்பதும் ஒருகாலத்தில் உடுத்துவதுதான்,
இன்றைக்கு அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது,
செங்கோட்டுவேல் அண்ணன் பேச ஆரம்பித்தால்
அங்கேயும் இருக்கிறது.
தயங்காதே, ஒரு முடிவெடு என்பதும் துணி.
எல்லாவற்றையும் போனிடம்தான் சொன்னேன்.
போன் லின்னிடம் என்ன சொன்னதோ,
ஓடிப்போய் ஒரு கத்தரிக்கோல்
எடுத்துவந்து கொடுத்தான்.

அவன் ஊருக்குப் போனான். ஸ்டிக்கர் போகவில்லை.
"அறிவிப்பு ஏத்துங்."
"நாலு அறிவிப்பு டேமேஜுங்."
"ஏனுங் கருணாம்பிகை, அந்தக் கருப்பு அறிவிப்பு எங்கீங்?"
பாலசோரில் இருந்து வந்த சனாதன்
முதலில் கற்ற தமிழ்ச் சொல் அதுதான்.
காதர்பேட்டையில் ஒரு கடை ஏறி
ஒரு மீட்டர் அறிவிப்பு கேட்டிருக்கிறான்.
கடைக்காரர் என்ன கலர் என்றாராம்.

தீபாவளி முடிந்ததும் ஆர்டர் நின்றது.
டைம் ஆபீஸ் சுவரில் ஒரு தாள்.
உச்சியில் தடித்த எழுத்தில் ஒரே சொல்.
கீழே
திங்கட்கிழமை முதல் வரவேண்டாதவர்கள்,
பதினான்கு பேர்.
மூன்றாவது நான். ஒன்பதாவது அவன்.

சனாதனுக்கு அந்த உச்சிச் சொல் மட்டும் படிக்க வந்தது,
தினமும் அமுக்குகிற பொத்தான் அல்லவா.
"அ-றி-விப்-பு," என்று முகமெல்லாம் சிரிப்பாகி,
"கப்டா, இல்லீங்களா?"

"ஆமாங் கண்ணு, கப்டாதான்," என்றேன்.
"துணிச்சாச்சு."

கம்பெனிச் சாமான்: கத்தரிக்கோல் ஒன்று.
அதைத் திருப்பிக் கொடுத்துக்
கையெழுத்துப் போட்டால்தான் பாக்கிக் கூலி.
போடலாமா வேண்டாமா என்று
ஆறு மணி பஸ்ஸை விட்டுவிட்டு
இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.